பூக்கடைக்கு ஒரு ‘க்’ வேண்டும்

போன மாதம் ஒரு பெண் எங்கள் கடைக்கு வந்தார். தருமபுரி பென்னாகரம் ரோட்டில் பியூட்டி பார்லர் திறக்கப் போகிறார், பெயர்ப்பலகை வேண்டும். பழைய நோட்டில் கிழித்த தாளில் தன் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் தலைக்கு மேலே ஒரு கமாவைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ‘ஸ்’ என்று போட்டிருந்தார். எல்லாம் தமிழ் எழுத்தில்.

“இந்தக் கமா எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“எல்லா பார்லர்லயும் போட்டிருக்காங்களே அண்ணா. அது இல்லன்னா பேரு மொட்டையா நிக்கும்.”

12 வருடமாக ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். இந்தக் கமாவை எத்தனை பெயர்களின் தலையில் வைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. முதல் சில வருடங்கள் கேள்வி கேட்காமல் வைத்தேன். இப்போது கேட்டுவிடுகிறேன். கேட்காமல் விட்டால் அந்த போர்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனது உறுத்துகிறது.

அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரபி என்று பெயர். அங்கே அதற்கு இரண்டு வேலை. ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று காட்டுவது ஒன்று, இது இன்னாருடையது என்று காட்டுவது இன்னொன்று. யோசித்துப் பார்த்தால் இரண்டாவதும் முதலாவதிலிருந்து வந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் விகுதியில் ‘ஸ்’ஸுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்து இருந்தது. பேசிப் பேசி அது தேய்ந்து போனது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து ஆங்கில அச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்ட இந்தக் குறி, பிறகு அந்தத் தேய்ந்த எழுத்தின் இடத்திலும் வந்து உட்கார்ந்தது. தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட தருமபுரிப் பக்கத்து ஆளாகச் சொன்னால், விழுந்துபோன ஓர் எழுத்துக்கு நட்ட நடுகல் அது.

தமிழில் அந்த இடத்தில் எந்த எழுத்தும் விழவில்லை. ‘முருகன் கடை’ என்றால் முருகனுடைய கடை. ‘உடைய’ என்பது சொல்லாமலே உள்ளே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமைத் தொகை என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். குறியும் வேண்டாம், விகுதியும் வேண்டாம். இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று இன்னொன்றுக்குச் சொந்தமாகிவிடும். இவ்வளவு சுலபமாக உடைமையைச் சொல்லும் மொழியில் எழுதும்போது, யாரோ தொலைத்த எழுத்துக்கான அடையாளத்தை வாங்கி வந்து நம் பெயர்களின் தலையில் ஏன் மாட்ட வேண்டும்?

ஆங்கில எழுத்தில் எழுதும் போர்டுகளிலும் அது சரியான இடத்தில் இருப்பதில்லை. மெடிக்கல்ஸ், டெய்லர்ஸ், டைல்ஸ் எல்லாம் வெறும் பன்மை. அங்கே அந்தக் குறிக்கு வேலையே இல்லை, ஆனாலும் வைக்கிறார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். காய்கறிக் கடைக்காரர்கள் விலை அட்டையில் பன்மைக்கெல்லாம் இதைப் போட்டுப் போட்டு, இந்தப் பிழைக்கே காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரபி என்று பெயர் வந்துவிட்டது.

இத்தனைக்கும் எங்கள் கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தால் ஒரு பூக்கடை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. ‘பூ’ என்று ஒன்று, ஓர் எழுத்து அளவுக்கு இடைவெளி, அப்புறம் ‘கடை’.

‘பூ கடை’ என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள்கூட அழுத்தம் திருத்தமாகப் ‘பூக்கடை’ என்றுதான் சொல்கிறார்கள். பூவை விற்கும் கடை. ‘ஐ’யும் ‘விற்கும்’ என்பதும் உள்ளே மறைந்திருக்கின்றன, அதனால் வல்லினம் மிகும் என்று இலக்கணம் சொல்வது அப்புறம். அந்த ‘க்’ முதலில் நாக்கில் இருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தது பலகைக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. மளிகை கடை, செருப்பு கடை, நாட்டு கோழி, மாட்டு தீவனம். நாலு ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றெழுத்தைக் காணோம்.

இரண்டு சொற்கள் சேரும்போது ஆங்கிலக்காரருக்கு அந்தக் கமா, நமக்கு இந்த ஒற்று. அவர்களுடையதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, நம்முடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். எனக்கு வருத்தம் இதில்தான்.

இந்தப் பிழைகள் எப்படி நடக்கின்றன என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் நிறையப் பேர் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறோம். நாங்கள் டிசைன் செய்யும் கோரல் டிரா மென்பொருளின் பழைய பதிப்புகளில், போனிலும் இணையத்திலும் புழங்கும் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து நிற்கும். பாமினியில் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி விசை. அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. வலது கைச் சுண்டுவிரல் அந்த ஒரு தட்டைத் தவறவிட்டால் ‘தமிழ’ என்று நின்றுவிடும். சிவப்புக் கோடு போட்டுக் காட்டவும் ஆளில்லை. கம்ப்யூட்டருக்கு அது ஏதோ ஆங்கில எழுத்துகளின் வரிசை, அவ்வளவுதான்.

விஷயம் வரும் வழியும் அப்படி. முன்பெல்லாம் கையால் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் வருகிறது. ‘என்’ என்ற ஒரே எழுத்து ந, ன, ண மூன்றுக்கும். ‘எல்’ என்றால் ல, ள இரண்டுக்கும், பல பேருக்கு ழ-வுக்கும் அதுவே. எது என்று முடிவு செய்வது ராத்திரி பத்து மணிக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் 20 வயதுப் பையன். டிசைனை முடித்து ‘பார்த்துட்டு ஓகே சொல்லுங்க’ என்று அனுப்புவோம். அவர் பார்ப்பது மூன்று விஷயம்: தன் போட்டோ எவ்வளவு பெரிது, கலர் எப்படி, போன் நம்பர் சரியா. போன் நம்பரை மட்டும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார்கள். கடையின் பெயரை அப்படி ஒரு தடவை படித்திருந்தால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்திருக்கும்.

அக்ரிலிக் எழுத்து போர்டில் இன்னொரு சிக்கல். அதில் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ‘மளிகைக் கடை’ என்று கணக்குப் போட்டால், “நடுவுல இருக்கற அந்த க்-ஐ எடுத்துடுங்க, எல்லாருக்கும் புரியும்” என்பார்கள். சரி, ஒற்றை வைத்தே செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி தனித் துண்டு, பத்து பைசா அளவுதான் இருக்கும், பசை போட்டு ஒட்டுவது. இரண்டு கோடை வெயில் காய்ந்து, ஓர் ஐப்பசி மழை அடித்தால் முதலில் கழன்று விழுவது அதுதான். ஊரில் புள்ளி இழந்த போர்டு எத்தனை இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும். விழுந்ததைத் திரும்ப ஒட்டச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் இரண்டே பேர். பல்பு ஒன்று எரியாவிட்டால் மறுநாளே கூப்பிடுகிறார்கள்.

பிழை விடுகிற இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஐந்தாறு வருடம் முன்னால், பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஆர்டர் வந்தது. காலை ஆறு மணிக்குப் பந்தலில் கட்ட வேண்டும். இறந்துபோன அம்மாவின் பெயர் ஆங்கில எழுத்தில் வந்திருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு ண சேர்ந்து வரும் பெயர். நான் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, இழவு வீட்டில் போய் எழுத்தைக் கேட்பதா என்று கூச்சம். இரண்டு சுழி ன போட்டு அடித்து அனுப்பிவிட்டேன்.

காலையில் போன் வந்தது. பேசியது பேத்தி, குரலைக் கேட்டால் எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பெண் மாதிரி இருந்தது. திட்டவில்லை. “அண்ணா, எங்க ஆயா பேருல கண்ணுக்கு வர்ற ண வரணும். நீங்க கன்னத்துக்கு வர்றத போட்டுட்டீங்க” என்றாள். வேறு ஒன்றை அடித்து எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். பந்தலில் கட்டியிருந்த தப்பான பெயருக்கு முன்னால் நின்று சொந்தக்காரர்கள் எடுத்த போட்டோ ஊரில் எல்லார் போனிலும் போய்விட்டது. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போய், ரேஷனில் கைநாட்டு வைத்து வாழ்ந்தவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் பெயர் இவ்வளவு பெரிய எழுத்தில் ஒரு பொது இடத்தில் எழுதப்பட்டது அந்த ஒரு நாள்தான். அதையும் நான் தப்பாக எழுதினேன். அதற்குப் பிறகு எந்த ராத்திரியானாலும் போன் போட்டு, “எந்த ண-ங்க?” என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் கோபப்பட்டதில்லை. துக்க வீட்டிலும் யாராவது ஒருவர் நின்று நிதானமாகச் சொல்கிறார்கள்.

ஓர் எழுத்து மாறினால் என்ன, புரிந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்துச் சாப்பாட்டையே காட்டலாம். இங்கே ராகிக்களி இல்லாமல் நாள் போகாது. அதைக் ‘கலி’ என்று எழுதினால் அது யுகத்தின் பெயர். தருமபுரிப் புளி பேர்போனது. ஓர் எழுத்து மாறினால் மூட்டை மூட்டையாகப் புலி வந்து இறங்கும். கறிக்கடையைக் ‘கரி கடை’ என்று எழுதி வைத்தால் அடுப்புக்கரி வாங்கத்தான் போக வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், உள்ளூர் ஆட்டோவின் பின்னால் அது ‘மாங்கூல்’. ஓட்டல்களில் வறுவலை ‘வருவல்’ என்றும், ஊறுகாயை ‘ஊருகாய்’ என்றும் எழுதுவது எனக்கு மனது கேட்காத இன்னொன்று. ஊறுவதால்தானே அது ஊறுகாய்!

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். ஓசூர்ப் பக்கம் போனால் போர்டிலேயே மூன்று நான்கு மொழி இருக்கும். இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழ இல்லை. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று வாழ்கிறவர் ழ-வில் தடுமாறினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் போர்டு அடிக்கிறவன், அதாவது நான்.

காரிமங்கலத்தில் செக்கு எண்ணெய்க் கடை வைக்க ஓர் அக்கா வந்தார். எழுதிக் கொண்டுவந்தது ‘மரசெக்கு எண்ணை’. ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று அடித்துக் காட்டினேன்.

“தம்பி, எல்லா கடையிலயும் நான் எழுதினா மாதிரிதானே இருக்கு. நீ மாத்திப் போட்டா, இந்தம்மாவுக்கு எழுதத் தெரியலன்னு என்னைச் சொல்லுவாங்க.”

அந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. தப்பே பழகிப் பழகி, சரியாக எழுதுவதற்கு ஒருவர் பயப்பட வேண்டிய நிலை. “அக்கா, எள் கூட நெய் சேர்ந்துதான் எண்ணெய். நெய்க்கு நை-ன்னு எழுதுவீங்களா?” என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “அட, நெய் உள்ளயே இருக்கு” என்றார். சரியாகவே அடித்தோம். இன்றைக்கும் அந்த வழியாக பஸ்ஸில் போனால் அந்த போர்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு 2001இல் அப்பாஸ்ட்ரபியைக் காப்பாற்ற ஒரு சங்கமே ஆரம்பித்தார். தப்பாக எழுதிய கடைகளுக்கு மரியாதையாகக் கடிதம் போடுவது அவர் வேலை. 2019இல், 96 வயதில், அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி அதை மூடினார். அந்த மனிதரின் வருத்தம் எனக்கு அட்சரம் பிசகாமல் புரிகிறது. ஆனால் சோம்பேறித்தனம் என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து ராத்திரி வரை கட்டுகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? கேம்பிரிட்ஜில் புதிய தெருப் பெயர்களுக்கு அந்தக் குறி வேண்டாம் என்று முடிவெடுத்த நகராட்சி, ஊரில் எழுந்த எதிர்ப்பால் 2014இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. யாராவது கேட்டால் மாறுகிறது என்பதற்கு அது சாட்சி. இங்கே கேட்பவர்கள் குறைவு. கடைப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவ்வப்போது சோதனைகூட வருகிறது. அளவு பார்க்கிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு தடவை எங்கள் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார். “நம்ம அகழ்வைப்பகத்துல இருக்கற நடுகல்லப் போய்ப் பாரு தம்பி. வட்டெழுத்து. பழைய கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளியே இருக்காது. அப்பவே தமிழ் படிச்சாங்களே?” உண்மைதான். ஓலையிலும் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று வைக்க மாட்டார்கள். எ, ஏ வித்தியாசமும் எழுத்தில் தெளிவாகத் தெரியாது. படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் யோசித்தேன். அந்தச் சிரமம் தொடரக்கூடாது என்றுதானே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏ-வையும் ஓ-வையும் கண்ணால் பார்த்தே பிரிக்கும்படி மாற்றினார். பெரியார் 1935இல் குடி அரசில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சடித்தார், 1978இல் அரசு அதில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டது. துதிக்கை போட்ட பழைய லை, னை எல்லாம் போய்ப் புது வடிவம் வந்தது, ஊர் ஊராக போர்டு எழுதிய பெயிண்டர்கள் அதைக் கற்றுக்கொண்டு எழுதினார்கள். இந்த மாற்றமெல்லாம் படிக்கிறவருக்கும் கற்கிறவருக்கும் பாரத்தைக் குறைத்தது. நாம் இன்று ‘க்’கை விடும்போது யாருடைய பாரம் குறைகிறது? புள்ளி இல்லாத கல்லில் அன்றைக்கு இருந்த குறை ஒன்றுதான், வசதியில்லை. நமக்கு ஒரு விசை தூரத்தில் இருக்கிறது.

இன்னொன்று. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அம்மா மடியில் உட்கார்ந்து போன டவுன் பஸ் ஜன்னலில். ஒவ்வொரு கடையாகச் சத்தமாகப் படிப்பேன், தப்பினால் அம்மா திருத்துவார். இன்றைக்கும் நாலு ரோட்டு சிக்னலில் பஸ் நிற்கும்போது எந்தக் குழந்தையாவது ஜன்னல் வழியாக எழுத்துக்கூட்டுவது காதில் விழுகிறது. அந்தக் குழந்தை நாங்கள் அடித்ததைத்தான் படிக்கிறது.

பார்லர் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கமாவும் ‘ஸ்’ஸும் வைத்து ஒன்று, வெறும் பெயரோடு ‘அழகு நிலையம்’ சேர்த்து ஒன்று, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தார். “ரெண்டாவதுதான் என் பேரு மாதிரி இருக்கு” என்று அதையே எடுத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்துப் பூக்கார அக்காவிடம் மட்டும் சொல்ல ரொம்ப நாள் தயங்கினேன். அந்த போர்டு நான் அடித்ததில்லை, பணம் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால்? போன வாரம் இரண்டு முழம் கதம்பம் வாங்கும்போது கேட்டேவிட்டேன். ஓர் எழுத்து மட்டும் சேர்க்கணும், காசு வேண்டாம் என்றேன். நிமிர்ந்து தன் போர்டைப் பார்த்தார். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, “இடம் இருக்குதா?” என்று கேட்டார்.

இருக்கிறது. ‘பூ’வுக்கும் ‘கடை’க்கும் நடுவில் சரியாக ஓர் எழுத்துக்கான இடம். அதே சிவப்பில், ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு ‘க்’ வினைலில் வெட்டி, மேஜை மேலே தட்டையாக வைத்திருக்கிறேன். புள்ளியைத் தனியாக வெட்டாமல் எழுத்தோடு ஒரே தாளிலேயே விட்டிருக்கிறேன், நகராமல் ஒட்ட வசதியாக. வெள்ளிக்கிழமை வியாபாரம் ஜாஸ்தி, சனிக்கிழமை காலையில் ஏணி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.